காமிக்ஸில் மூளை ஆபரேஷன்: வரைபவருக்கும் எழுதுபவருக்கும் ஒரு முழு வழிகாட்டி

பல சித்திரக்கதைகளில் மூளை ஆபரேஷன் என்ற பெயரில் வருவது பிரேதப் பரிசோதனைதான். புருவத்துக்கு மேலே சுற்றிலும் ரம்பம் ஓடும். தேங்காய் மூடியைப் பெயர்ப்பதுபோல் மண்டையின் மேல்பாதி கழன்று வரும். இரண்டு பக்க மூளையும் தட்டில் வைத்த மாதிரி தெரியும். கீழே நோயாளியின் முகம் அமைதியாகத் தூங்கும். உயிரோடு இருப்பவருக்கு யாரும் அப்படிச் செய்வதில்லை. ஆபரேஷனில் திறப்பது ஒரு ஜன்னல். பெரும்பாலும் உள்ளங்கைக்குள் அடங்குவது. அந்த ஜன்னலைச் சுற்றி எல்லாமே துணியால் மூடியிருக்கும்.

இந்த வழிகாட்டி ஒரே ஒரு ஆபரேஷனை எடுத்துக்கொண்டு தொடக்கம் முதல் தையல்வரை போகிறது: பைக்கிலிருந்து விழுந்தவருக்கு மண்டைக்குள் கட்டிய ரத்தத்தை எடுப்பது. கதைகளில் அதிகம் தேவைப்படுவது அதுதான். பிறகு, நோயாளி விழித்திருக்கும்போதே செய்யும் ஆபரேஷன், பழைய காலத்துக் கதைகள், சிப் பொருத்தும் வில்லன்கள்.

முதலில்: என்ன ஆபரேஷன்?

“மூளையில ஆபரேஷன் பண்ணணும்” என்று டாக்டர் சொல்லும் வசனம் எதையும் சொல்லவில்லை. கதாசிரியர் முதலில் தீர்மானிக்க வேண்டியது வியாதியை. அறையில் என்ன இருக்கும், எவ்வளவு நேரம் ஆகும், எத்தனை பேர் நிற்பார்கள் என்பதெல்லாம் அதைப் பொறுத்தது.

முதியவர் ஒருவர் வீட்டில் வழுக்கி விழுந்து, சில வாரம் கழித்துத் தள்ளாடத் தொடங்கினால் அது நாள்பட்ட ரத்தக்கசிவு. ஒன்றிரண்டு துளை போட்டால் பழைய இன்ஜின் ஆயில் நிறத்தில் திரவம் வழிந்து வெளியேறும். மைக்ராஸ்கோப்பே வேண்டாம். கட்டி என்றால் பல மணி நேரம், மைக்ராஸ்கோப், கருவியின் நுனி மூளையில் எங்கே இருக்கிறது என்று ஸ்கேனில் காட்டும் நேவிகேஷன் திரை. ரத்தக்குழாய் வீக்கம் என்றால் மைக்ராஸ்கோப்பும், வீக்கத்தைக் கவ்வி அடைக்கும் சின்ன ஸ்பிரிங் கிளிப்பும். குழந்தைக்குத் தலையில் நீர் கோத்தால், மூளையிலிருந்து தோலுக்கடியில் வயிறுவரை ஓடும் மெல்லிய குழாய்.

விபத்து ஆபரேஷனில் இதில் பாதி கிடையாது. மைக்ராஸ்கோப் பெரும்பாலும் மூலையில் உறை போட்டபடி நிற்கும். சர்ஜன் கண்ணாடியில் பொருத்திய லூப் லென்ஸும் நெற்றி விளக்கும் வைத்தே வேலை நடக்கும்.

ஆபரேஷனுக்கு முன்: கதைக்குக் கிடைத்த வரம்

காதுக்குச் சற்று முன்னால், கன்னப்பொட்டில், மண்டை ஓடு மெல்லியது. சில இடங்களில் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். அதன் உட்புறம் ஒரு தமனி ஓடுகிறது. எலும்பு விரிசல் விட்டால் தமனி கிழிந்து, எலும்புக்கும் டியூரா என்ற தடித்த உறைக்கும் நடுவில் ரத்தம் சேரும். இதைத்தான் ஆஸ்பத்திரியில் “இ.டி.ஹெச்.” என்பார்கள்.

விழுந்தவர் சில நிமிடம் மயங்கி, எழுந்து, பேசி, காபி குடித்து, “ஒண்ணுமில்லைப்பா, வீட்டுக்குப் போறேன்” என்பார். ஓரிரு மணி நேரத்தில் தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம், பிறகு எழுப்ப முடியாது. நடுவில் வரும் அந்தத் தெளிவான நேரம் எல்லோருக்கும் வருவதில்லை. வந்தால் எந்தக் கதாசிரியரும் இதைவிட நல்ல திருப்பத்தைக் கற்பனை செய்ய முடியாது. இதைப் பயன்படுத்தாமல், அடிபட்டவுடன் கோமா என்று எழுதுவது வீண்.

மோசமாகும்போது வரைய வேண்டியவை மூன்று. ரத்தம் கட்டிய அதே பக்கத்துக் கண்ணின் பாப்பா விரியும். எதிர்ப்பக்கத்துக் கைகால் தளரும். மானிட்டரில் ரத்த அழுத்தம் ஏறி, நாடித் துடிப்பு குறையும். இந்த மூன்றாவதில்தான் ஏறக்குறைய எல்லாரும் தவறுகிறார்கள். ஆபத்து என்றால் இதயம் படபடக்கும் என்று நினைத்து 140 என்று எழுதுவார்கள். மண்டைக்குள் அழுத்தம் ஏறியவருக்குத் திரையில் 190/100 அழுத்தமும் 48 நாடியும் இருந்தால், அதைப் பார்க்கும் எந்த நர்ஸும் ஓடத் தொடங்குவார்.

சுயநினைவை அளக்க ஜி.சி.எஸ். என்ற மதிப்பெண். முழு நினைவுக்கு 15, குறைந்தபட்சம் 3. பூஜ்யம் கிடையாது. 8 அல்லது அதற்குக் கீழே போனால் மூச்சுக்குழாயில் டியூப் போடுவார்கள். ஆகவே “ஜி.சி.எஸ். 6” என்று எழுதிவிட்டு, அதே கட்டத்தில் நோயாளி டியூப் இல்லாமல் படுத்திருப்பதாக வரையாதீர்கள்.

சி.டி. ஸ்கேனில் புது ரத்தம் வெள்ளையாகத் தெரியும். டியூராவுக்கு வெளியே கட்டியது லென்ஸ் போல இருபுறமும் புடைத்திருக்கும். டியூராவுக்கு அடியில் கட்டியது பிறைநிலா போல வளைந்து பரவும். ஸ்கேனில் நோயாளியின் வலப்பக்கம் பார்ப்பவரின் இடக்கைப் பக்கம் வரும். கால்மாட்டிலிருந்து அண்ணாந்து பார்ப்பதுபோல் அது எடுக்கப்படுகிறது. 12-ஆம் பக்கத்தில் ஸ்கேனின் இடப்பக்கம் வெள்ளை லென்ஸை வரைந்தால், 15-ஆம் பக்கத்தில் வலக் காதுக்கு மேலேதான் வெட்ட வேண்டும். பக்கம் மாறி ஆபரேஷன் செய்வது நிஜத்திலும் நடக்கக்கூடிய பெரும் தப்பு. உங்கள் கதையில் தெரியாமல் நடந்துவிடக் கூடாது.

எல்லா ரத்தக்கட்டியையும் திறந்து எடுப்பதில்லை. டியூராவுக்கு வெளியே 30 மில்லிக்கு மேல் கட்டியிருந்தால், நோயாளி எவ்வளவு தெளிவாகப் பேசினாலும் ஆபரேஷன்தான் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோல். இரண்டு டேபிள்ஸ்பூன் அளவு ரத்தம்தான். மண்டை ஓடு விரியாத பெட்டி என்பதால் அவ்வளவே உயிரை வாங்கப் போதும்.

தியேட்டர் அமைப்பு

மயக்க மருந்து டாக்டரைத் தலைமாட்டில் உட்கார வைப்பதுதான் அடுத்த பொதுத் தவறு. வயிற்று ஆபரேஷனில் அவர் இடம் அதுதான். இங்கே தலை சர்ஜனுக்குச் சொந்தம். மயக்க டாக்டரும் அவர் மெஷினும் நோயாளியின் பக்கவாட்டுக்கோ கால்மாட்டுக்கோ போய்விடும். மூச்சு டியூப், வயர்கள் எல்லாம் துணிக்கடியில் நீளமாக ஓடும். தலைமாட்டில் சர்ஜன், அவர் பக்கத்தில் உதவி சர்ஜன், கருவி எடுத்துக் கொடுக்கும் சிஸ்டர்.

தலை மார்பைவிடச் சற்று உயர்ந்திருக்கும். 15 முதல் 30 டிகிரி. கழுத்து அதிகம் திருகக் கூடாது. திருகினால் கழுத்துச் சிரை நசுங்கி மூளை வீங்கும். அதனால் ஒரு தோளுக்கடியில் துணி மடிப்பு வைத்து உடம்பையே சற்றுத் திருப்புவார்கள். நீண்ட ஆபரேஷன் என்றால் மூன்று ஊசிமுனை கொண்ட இரும்புக் கவ்வி தலையைப் பிடிக்கும்: ஒரு பக்கம் இரண்டு முனை, எதிரே ஒன்று. முனைகள் தோலைத் துளைத்து எலும்பின் வெளிப்பரப்பில் ஊன்றும். அவசர விபத்தில் அதற்கெல்லாம் நேரமில்லாமல், குதிரை லாட வடிவ மெத்தையில் தலையை வைத்துவிடுவதும் உண்டு. சின்னக் குழந்தைக்குக் கவ்வி வரையாதீர்கள். அந்த எலும்பு தாங்காது.

கண்களில் களிம்பு தடவி டேப் ஒட்டியிருக்கும். முடியை மழித்து, மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, பழுப்பு நிற அயோடின் மருந்தால் துடைப்பார்கள். பிறகு பச்சை அல்லது நீலத் துணிகள். சிவப்பையே உற்றுப் பார்த்த கண் வெள்ளையைப் பார்த்தால் பச்சை நிழல் தட்டும். துணியே பச்சையாக இருந்தால் தட்டாது. நிறம் தீட்டுபவருக்கு இதில் ஒரு லாபமும் உண்டு. பக்கம் முழுக்கப் பச்சை நீலம், நடுவில் மட்டும் ஒரு சின்னச் சிவப்பு வட்டம். வாசகரின் கண் தானாக அங்கே போய் நிற்கும்.

துணி போட்ட பிறகு முகம் தெரியாது. கதைக்கு முகம் வேண்டும் என்றால், துணிக்கடியில் மயக்க டாக்டர் குனிந்து டார்ச் அடித்து டியூப்பைச் சரிபார்க்கும் கட்டம் ஒன்றை வையுங்கள்.

தோலிலிருந்து டியூராவரை

கீறலுக்கு முன், மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்னும் அட்ரினலினும் கலந்த ஊசி போடுவார்கள். அட்ரினலின் ரத்தக்குழாயைச் சுருக்கும். தலைத்தோல் அப்படி ரத்தம் கொட்டும் இடம். காமிக்ஸில் மூளையிலிருந்து ரத்தம் பீறிடும். நிஜத்தில் முதல் ஐந்து நிமிடத் தோல்தான் அதிக ரத்தம் காட்டுவது.

கீறலின் வடிவம் பெரிய கேள்விக்குறி. காதுக்கு முன்னால், காதை ஒட்டி ஒரு சென்டிமீட்டருக்குள் தொடங்கி, மேலேறி, காதுக்குப் பின்னால் வளைந்து, உச்சி நடுக்கோட்டை ஒட்டி முன்னால் வந்து, மயிர்க்கோட்டில் முடியும். காதை விட்டு இன்னும் முன்னால் போனால் புருவத்தைத் தூக்கும் நரம்பு அறுபடும். ஆபரேஷனுக்குப் பின் ஒரு புருவம் மட்டும் அசையாத கதாபாத்திரம் வேண்டுமென்றால் காரணம் கிடைத்துவிட்டது.

தோல் விளிம்பு முழுக்கச் சிறு பிளாஸ்டிக் கிளிப்புகள் வரிசையாகக் கவ்வியிருக்கும், கொடியில் துணி கிளிப் மாட்டியது போல. ரத்தத்தை நிறுத்துவது அவைதான். இதை வரையும் ஓவியர் மிகக் குறைவு. வரைந்தால் ஒரே பார்வையில் நம்பகம் வந்துவிடும். தோலும் பொட்டுத்தசையும் மடிந்து முன்னால் புரண்டு, ஈரத் துணி சுற்றிக் கிடக்கும்.

எலும்பு பள்ளிக்கூட எலும்புக்கூட்டின் சுண்ணாம்பு வெள்ளை இல்லை. உயிருள்ள எலும்பு மங்கிய தந்த நிறம், அங்கங்கே இளஞ்சிவப்புப் புள்ளிகள். குறுக்குவெட்டில் க்ரீம் பிஸ்கட் போல மூன்று அடுக்கு: வெளியே உள்ளே கடினத் தகடு, நடுவில் ரத்தம் கசியும் பஞ்சுப்பகுதி. கசிவை அடைக்க மெழுகைத் தேய்ப்பார்கள்.

துளை போடும் டிரில் சுமார் 14 மில்லிமீட்டர் அகலம். உட்தகட்டைத் தாண்டியதும் எதிர்ப்பு குறைவதை உணர்ந்து தானே நின்றுவிடும் அமைப்பு அதில் உண்டு. டிரில் நழுவி மூளைக்குள் பாயும் காட்சி இந்தக் கருவியில் அபூர்வம். பழங்காலக் கைத்துளைக் கருவியில்தான் அந்த பயம் அதிகம். உதவி சர்ஜன் சிரிஞ்சால் சலைன் ஊற்றிக்கொண்டே இருப்பார். எலும்புத்தூளும் நீரும் சேர்ந்து சந்தனம் அரைத்த விழுது போல் துளை ஓரத்தில் ஒதுங்கும். அந்த விழுதை வரையுங்கள்; புகை மட்டும் வேண்டாம். துளைகளை இணைக்கும் ரம்பத்தின் நுனியில் ஒரு சிறு பாதம் உண்டு. அது எலும்புக்கும் டியூராவுக்கும் நடுவில் வழுக்கிக்கொண்டு போய் உறையைக் காக்கும். வட்டத் தகடு வைத்த ரம்பம் பிரேதப் பரிசோதனைக்கு உரியது. அதை இங்கே கொண்டு வராதீர்கள்.

சப்தம் எழுதுகிறீர்களா? டிரில்லுக்கு “கிர்ர்ர்ர்” சரி, ஆனால் முடிவில் சட்டென்று நிற்க வேண்டும்: “கிர்ர்ர்ட்”. ரத்தத்தை உறிஞ்சும் குழாயான சக்ஷன் இடைவிடாத “ஸ்ஸ்ஸ்”. ஆக்சிஜன் அளக்கும் கருவியின் “பீப்” ஒவ்வொரு துடிப்புக்கும் வரும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறையக் குறைய அதன் சுருதி இறங்கும். அறையில் யாரும் திரையைப் பார்க்காமலே விஷயம் எல்லாருக்கும் தெரிவது அந்தச் சுருதியால்தான். “பீப்” எழுத்தை ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் கீழே இறக்கிக்கொண்டே வந்தால், ஒரு வசனமும் இல்லாமல் ஒரு பக்கம் ஓடும்.

எலும்பைத் தூக்கியதும் ரத்தக்கட்டி தெரியும். பீறிடாது. கசாப்புக் கடையில் பொரியலுக்கு வாங்கும் ஆட்டு ரத்தம் உறைந்து கிடக்குமே, அதே கருஞ்சிவப்பு, அதே தளதளப்பு. சக்ஷனாலும் சலைனாலும் வழித்தெடுப்பார்கள். கிழிந்த தமனியை பைபோலார் என்ற சிமிட்டா போன்ற கருவி கவ்வும். அதன் இரு நுனிக்கு நடுவில் மட்டும் மின்சாரம் பாய்ந்து குழாயைச் சுருக்கி அடைக்கும். அதை இயக்குவது கால் பெடல். ஒரு கட்டத்திலாவது மேஜைக்கடியில் செருப்புக் கால் பெடலை மிதிப்பதைக் காட்டுங்கள். பிறகு எலும்பு விளிம்பைச் சுற்றி டியூராவை இழுத்துத் தைப்பார்கள், மறுபடி ரத்தம் சேர இடமில்லாமல். உள்ளே சந்தேகம் இல்லையென்றால் இந்த ஆபரேஷனில் மூளையைப் பார்க்காமலேயே மூடிவிடலாம். “மூளை ஆபரேஷன்” என்று பெயர்.

மூளை தெரியும் கட்டம்

அடியிலும் ரத்தம் இருந்தால் டியூராவைத் திறக்க வேண்டும். டியூரா ஈரமான சாம்பல் வெள்ளைத் தோல். அடியில் ரத்தம் இருந்தால் நீலம் பாரிக்கும். சின்னக் கொக்கியால் தூக்கிப் பிடித்து, நுனிக் கத்தியால் ஒரு கீறல், பிறகு கத்தரிக்கோல். கூட்டல் குறி போலவோ அரைவட்டமாகவோ திறந்து, இதழ்களை நூலால் பின்னுக்கு இழுத்துக் கட்டுவார்கள்.

நிறத்தில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். சாம்பல் நிற மூளை, கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் ஊறியது. மியூசியத்தில் பார்த்தது. உயிருள்ள மூளை வெண்ணெயில் கொஞ்சம் ரோஜா நிறம் கலந்தது போலிருக்கும். மேலே கண்ணாடித்தாள் போல ஒரு மெல்லிய உறை. விளக்கு வெளிச்சம் அதில் பட்டுத் தெறிக்கும். மடிப்புகளுக்கிடையே தெளிந்த நீர் தெரியும். சிவப்புத் தமனிகள் ஒல்லி, நீலச் சிரைகள் தடிமன். அக்ரோட் பருப்பின் ஆழமான பள்ளங்கள் இங்கே இல்லை. மடிப்புகள் ஒன்றோடொன்று நெருங்கி, பள்ளம் கோடாகத்தான் தெரியும். பதம்? இளநீர் வழுக்கை. விரலால் அழுத்தித் தூக்கும் ஹீரோ டாக்டரை மறந்துவிடுங்கள்.

அது துடிக்கும். இதயத்தோடு சின்னத் துடிப்பு, மூச்சோடு மெதுவான ஏற்றம் இறக்கம். அசையாத படத்தில் இதை எப்படிக் காட்டுவது? ஒரே கோணத்தில் மூன்று சிறு கட்டங்கள். மூளையின் மேல் விழும் வெள்ளைப் பளபளப்பு மட்டும் இடம் மாறட்டும். துடிப்பு நின்று, மூளை இறுகிப் புடைத்தால் அதுவே கெட்ட செய்தி.

சர்ஜனின் கைகள்: இடக்கையில் சக்ஷன், வலக்கையில் பைபோலார். கத்தியோடு மூளையைக் குனிந்து பார்க்கும் போஸ் தவறு. கத்தி தோலோடும் டியூராவோடும் முடிந்துவிட்டது. சக்ஷன் குழாயின் பிடியில் ஒரு துளை இருக்கும். கட்டைவிரலால் அதை மூடினால் உறிஞ்சல் கூடும், திறந்தால் குறையும். அந்தக் கட்டைவிரலின் இடத்தைச் சரியாக வரைந்தால் போதும், நியூரோ சர்ஜன்களே உங்களுக்கு எழுதுவார்கள். மூளையின் மேல் தபால்தலை அளவில் வெள்ளைப் பஞ்சு நாடாக்கள் கிடக்கும், “பேட்டி” என்பார்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு நூல் வெளியே தொங்கும், உள்ளே மறந்துவிடாமலிருக்க. மூடும் முன் சிஸ்டர் எண்ணிப் பார்ப்பார்.

பேச்சும் சினிமா வசனம் போல் இருக்காது. மயக்க டாக்டர் கேட்க, சர்ஜன் பதில் சொல்ல, இப்படித்தான் ஓடும் (மானிட்டால் மூளை வீக்கத்தைக் குறைக்கும் மருந்து, சி.ஓ.டூ வெளிமூச்சில் இருக்கும் கரியமில வாயுவின் அளவு):

“எப்படி சார் இருக்கு பிரெய்ன்?”
“டைட்டா இருக்கு மேடம். மானிட்டால் போயிடுச்சா?”
“முடிஞ்சுது. சி.ஓ.டூ முப்பத்திரண்டு.”
“தலையை இன்னும் கொஞ்சம் தூக்குங்க. சிஸ்டர், பேட்டி. சின்னது.”

எங்கே சறுக்கும்

கதைக்கு நெருக்கடி வேண்டும். ரத்தம் கூரையில் தெறிக்க வேண்டாம். நிஜ நெருக்கடிகளே போதும்.

மூளை பொங்குவது முதலாவது. டியூராவைத் திறந்ததும் மூளை ஜன்னல் வழியே வெளியே தள்ளிக்கொண்டு வரும். அப்போது செய்வது வரிசையாக: தலையை உயர்த்துவது, கழுத்து நசுங்கியிருக்கிறதா எனப் பார்ப்பது, வென்டிலேட்டரை வேகப்படுத்திக் கரியமில வாயுவைக் கொஞ்ச நேரத்துக்குக் குறைப்பது, மானிட்டால். 20 சதவீத மானிட்டாலில் 100 மில்லிக்கு 20 கிராம் மருந்து. கிலோவுக்கு அரை முதல் ஒரு கிராம் என்றால், 60 கிலோ ஆளுக்கு 150 முதல் 300 மில்லி. குளிர்ந்தால் பாட்டிலில் படிகம் கட்டும். சிஸ்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது அழகான சிறு கட்டம். எதுவும் கேட்கவில்லை என்றால் எலும்பைத் திரும்ப வைக்காமல் தோலை மட்டும் மூடிவிடுவார்கள். வீக்கத்துக்காகவே திறக்கும் ஜன்னல் பெரியது. குறைந்தது 12-க்கு 15 சென்டிமீட்டர். எடுத்த எலும்பை உறைபெட்டியில் வைப்பார்கள், அல்லது நோயாளியின் வயிற்றுத் தோலுக்கடியிலேயே புதைத்து வைப்பார்கள். மாதங்கள் கழித்து எடுத்துப் பொருத்துவார்கள். அதுவரை தலையின் ஒரு பக்கம் குழிந்திருக்கும். வயிற்றில் தன் மண்டை எலும்பைச் சுமக்கும் கதாபாத்திரம் கற்பனை அல்ல.

இரண்டாவது, நடுக்கோட்டுப் பெரும் சிரை கிழிவது. ரத்தம் கொட்டும், அதைவிட மோசம் காற்று உள்ளே போவது. தலை இதயத்தைவிட உயரத்தில் இருப்பதால் சிரை காற்றை உறிஞ்சும். அப்போது அறையில் வெளிப்படையாக எதுவும் தெரியாது. மயக்க டாக்டரின் திரையில் வெளிமூச்சுக் கரியமில வாயு எண் 35-லிருந்து மளமளவென்று 18-க்கு இறங்கும், பிறகு ரத்த அழுத்தம் விழும். அவர் குரல் கொடுத்ததும் சர்ஜன் காயத்தைச் சலைனால் நிரப்புவார், தலையைத் தாழ்த்துவார்கள், கிழிந்த இடத்தில் ஜெல்ஃபோம் என்ற, ரத்தத்தை நிறுத்தும் பஞ்சை வைத்து விரலால் அழுத்திப் பிடிப்பார்கள். ஒரு எண்ணும், அழுத்திய ஒரு விரலும். இதற்கு இரண்டு பக்கம் ஒதுக்கலாம்.

திரையில் கோடு நேராகிவிட்டால் மார்பில் ஷாக் கொடுக்கும் காட்சி வேண்டாம். நேர்க்கோட்டுக்கு ஷாக் கிடையாது. மார்பை அழுத்துவதும் அட்ரினலினும்தான்.

நோயாளி விழித்திருக்கும் ஆபரேஷன்

நோயாளியின் முகம் தெரியும் மூளை ஆபரேஷன் இது. பேச்சு மையத்துக்குப் பக்கத்தில் கட்டி இருந்தால் பேசவைத்துக்கொண்டே எடுப்பார்கள். மூளைக்கு வலி தெரியாது. தலைத்தோலுக்கும் டியூராவுக்கும் தெரியும். அதனால் தலைத்தோல் நரம்புகளுக்கு மரத்துப்போகும் ஊசி, திறக்கும்வரை தூக்கம், பிறகு எழுப்புவது. நோயாளி பெரும்பாலும் ஒருக்களித்துப் படுத்திருப்பார். கூடாரம் போலத் தூக்கிய துணிக்கடியில் பேச்சுப் பயிற்சியாளர் எதிரே உட்கார்ந்து படங்களைக் காட்டுவார்.

சர்ஜன் இரு முனைக் கம்பியால், சில மில்லியாம்பியர் மின்சாரத்தில், மூளைப் பரப்பை ஒவ்வொரு இடமாகத் தொடுவார். ஒரு தொடல் நான்கு விநாடிக்கு மேல் நீளாது. படத்தில் இருப்பதன் பெயரை மட்டும் சொல்லாமல் “இது ஒரு…” என்று தொடங்கும்படி நோயாளியிடம் சொல்லியிருப்பார்கள். காரணம் உண்டு. “இது ஒரு… ஒரு…” என்று திணறினால் பெயர் வரவில்லை, பேச்சு இருக்கிறது. வாயே திறக்காமல் நின்றால் பேச்சே நின்றிருக்கிறது. இரண்டும் வேறு இடங்கள். பேச்சு பலூன்களுக்காகவே உண்டானது போன்ற காட்சி: முதல் கட்டத்தில் “இது ஒரு யானை”, இரண்டாவதில் “இது ஒரு…”, மூன்றாவதில் காலி பலூன். எந்த இடத்தில் பேச்சு நின்றதோ அங்கே எண் எழுதிய சின்னக் காகிதத்தை வைப்பார்கள். கட்டி எடுக்கும்போது அந்த எண்களை விட்டுவிட்டுப் போவார்கள். மின்சாரம் வலிப்பைக் கிளப்பினால் விரலில் தொடங்கும் துடிப்பு கையேறும். அதை அடக்க, குளிர்ந்த ரிங்கர் என்ற உப்புக் கரைசலை மூளை மேல் ஊற்றுவார்கள்.

மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்ட் இதை 1930-களில் வளர்த்தெடுத்தார். அவரிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949-இல் வேலூர் சி.எம்.சி.யில் நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி. தமிழ்நாட்டில் 1945-இல் நடக்கும் கதைக்கு இங்கே பயிற்சி பெற்ற நியூரோ சர்ஜன் ஒருவரை எழுதப் போகிறீர்கள் என்றால், இந்த ஆண்டுகளைப் பார்த்துவிட்டு யோசியுங்கள்.

பழைய காலக் கதையா?

சி.டி. ஸ்கேன் முதன்முதலில் நோயாளிக்கு எடுக்கப்பட்டது 1971 அக்டோபரில், லண்டனில். அதற்கு முந்தைய கதையில் டாக்டர் கையில் இருக்க வேண்டியது கழுத்துத் தமனியில் மருந்து செலுத்தி எடுத்த ஆஞ்சியோகிராம், அல்லது மூளையின் நீர்அறைகளில் காற்றைச் செலுத்தி எடுத்த எக்ஸ்ரே. மூளைத் தமனிகளை ஈகாஸ் மோனிஸ் எக்ஸ்ரேயில் காட்டியது 1927-இல். காற்று முறையை வால்டர் டான்டி தந்தது 1918-இல். மின்சாரத்தால் ரத்தத்தை நிறுத்துவது 1926-இல் ஹார்வி குஷிங் பாஸ்டனில் தொடங்கியது. மைக்ராஸ்கோப் 1960-களின் கடைசியில்தான் பரவியது. தச்சர் சுற்றும் கைத்துளைக் கருவி, துளைக்குத் துளை நுழைத்து இரு கையாலும் மாறி மாறி இழுக்கும் ஜிக்லி கம்பி ரம்பம்: பழைய காலத்துக்கு இவற்றை வரையுங்கள், பார்க்கவும் நன்றாக இருக்கும்.

சிப் பொருத்தும் வில்லனுக்கு நிஜத்தில் ஒரு முன்மாதிரி உண்டு. நடுக்குவாதத்துக்கு மூளைக்குள் மின்கம்பி வைக்கிறார்கள். மண்டையில் ஒரு துளை, காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஓடும் வயர், காரை எலும்புக்குக் கீழே பேட்டரி. சட்டையைக் கழற்றினால் மார்பில் தீப்பெட்டி அளவு புடைப்பு தெரியும். ஹீரோ அதைக் கண்டுபிடிக்கட்டும்.

நினைவை அழிக்கும் ஆபரேஷன்? 1953-இல் வலிப்புக்காக ஹென்றி மொலைசன் என்பவருக்கு இருபுறமும், புது நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியை எடுத்தார்கள். அவருக்குச் சிறுவயது நினைவுகள் இருந்தன. புதிதாக எதுவும் தங்கவில்லை. கதைகளில் இது தலைகீழாக வருகிறது. பெயர், மனைவி எல்லாம் மறந்துவிடும், நேற்று நடந்தது மட்டும் நினைவிருக்கும்.

மூடுவதும் பிறகும்

டியூராவை நீர் கசியாமல் தைத்து, எலும்பை டைட்டேனியம் தகடுகளாலும் சில மில்லிமீட்டர் திருகுகளாலும் பொருத்தி, தோலுக்கடியில் ஒரு வடிகுழாய் விட்டு, தோலுக்கு ஸ்டேப்ளர் போடுவார்கள். அந்தத் தகடுகள் ஆயுளுக்கும் அங்கேயே இருக்கும். விமான நிலையக் கதவு அதற்காகக் கத்தும் நகைச்சுவை வேண்டாம், டைட்டேனியம் அவ்வளவு சிறிது.

ஐ.சி.யு.வில் மணிக்கொரு முறை பாப்பாவில் டார்ச், ஜி.சி.எஸ். கண் விழித்ததும் “நான் எங்க இருக்கேன்” என்று தெளிவாகப் பேசும் காட்சிக்கு அவசரப்படாதீர்கள். டியூப் இருக்கும்வரை குரலே வராது, எடுத்த பிறகும் கரகரக்கும். இரண்டாம் மூன்றாம் நாளில் ஆபரேஷன் செய்த பக்கத்துக் கண் வீங்கி மூடிக்கொள்ளும், இமை கருநீலமாகும். மெல்லும்போது தாடை வலிக்கும், பொட்டுத்தசையை வெட்டியதால். ஸ்டேப்ளரை 7 முதல் 10 நாளில் எடுப்பார்கள்.

மழித்த முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். “மூன்று மாதங்களுக்குப் பிறகு” என்று கட்டத்தின் மேல் எழுதினால், காதுக்கு மேலே கேள்விக்குறித் தழும்பு இன்னும் தெரிய வேண்டும். ஆறு மாதம் என்றால் முடி அதை மூடத் தொடங்கியிருக்கும். தழும்பின் மேல் மட்டும் முடி முளைக்காத ஒரு மெல்லிய வகிடு.